ஆயா என்றதும் எழுந்தவர்

சென்ற மாதம் ஷர்மிளா போன் செய்தாள். அம்பத்தூர்ப் பக்கம் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த கண் மருத்துவமனையில் இப்போது அவள்தான் வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ்.

“அண்ணா, புதுசா சேர்றவங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் போடறோம். வயசானவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு அதுல ஒரு பக்கம் வருது. வாட்ஸப்புல அனுப்பறேன், பாத்து தப்பு இருந்தா சொல்லுங்க. உங்களைவிட இதுல யாருக்குத் தெரியும்?”

பக்கம் வந்தது. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் சொல்லக்கூடாத சொற்கள்: கிழவன், கிழவி, பெருசு, பாட்டி, தாத்தா, ஆயா. வலது பக்கம் சொல்ல வேண்டியவை: முதியவர், மூத்த குடிமக்கள், பெரியவர். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. “சரியா இருக்கும்மா” என்று ஒரு வரி அனுப்பிவிட்டிருக்கலாம். முடியவில்லை. அந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு முகம் தெரியும். மூன்று வருடமாக வீட்டில் சும்மா இருப்பவனுக்கு நினைத்துப் பார்க்க நேரமும் இருக்கிறது. அதனால் கேட்டதற்கு மேலேயே எழுதுகிறேன்.

நான் வார்டு பையனாகச் சேர்ந்தவன். வேலையின் பெயரே அதுதான். நாற்பது வயதில் என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோதும் சம்பளப் புத்தகத்தில் நான் பையன். முதல் இரண்டு வருடம் தரை துடைத்தேன், ஸ்ட்ரெச்சர் தள்ளினேன், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடப் பழகினேன். மூன்றாம் வருடம் ஆபரேஷனுக்கு நோயாளிகளைத் தயார் செய்கிற இடத்துக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

எங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கண்ணில் புரை விழுந்தவர்கள். வாரத்தில் இரண்டு நாள் வேன் போகும். ஆவடி, முத்தாபுதுப்பேட்டை, அதற்கு அப்பாலுள்ள ஊர்களில் முகாம் நடத்தி ஆட்களை ஏற்றி வரும். அன்று இரவு வார்டில் தங்குவார்கள். காலையில் தலைக்குக் குளிக்க வைத்து, மூக்குத்தி தோடு கழற்றி அவரவர் முந்தானையிலேயே முடிந்து, பச்சை அங்கி போட்டு, முடி தெரியாமல் பச்சைத் தொப்பி மாட்டி, ஒரு நீள பெஞ்சில் வரிசையாக உட்கார வைப்போம். எந்தக் கண்ணோ அந்தக் கண்ணுக்கு மேலே நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டுவேன். பத்து நிமிடத்துக்கு ஒருதரம் சொட்டு மருந்து. கருமணி விரிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு உள்ளே அழைத்துப் போக வேண்டும். மரத்துப்போக ஊசி போடுவார்கள், பிறகு மேசை. உள்ளே வைக்கிற லென்ஸ் ஆளுக்கு ஆள் வேறு. அதன் எண் அந்தக் கேஸ் ஷீட்டில் இருக்கும்.

பச்சை அங்கியும் தொப்பியும் போட்டுவிட்டால் எல்லோரும் ஒன்றாகிவிடுவார்கள். நிலம் வைத்திருந்தவரும் அந்த நிலத்தில் நாற்று நட்டவரும் ஒரே பெஞ்சில் ஒரே மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். ஆபத்தும் அதில்தான் இருந்தது.

அங்கே என் மேலதிகாரி ரெஜினா சிஸ்டர். வள்ளியூர்ப் பக்கம். உயரம், ஒல்லி, குரல் எழும்பாது. நோயாளியிடம் பேசும்போது நின்றுகொண்டு பேசமாட்டார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவர் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுவந்து, கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதில் வர அரை நிமிடம் ஆனாலும் இடையில் அவராக எடுத்துக் கொடுக்கமாட்டார்.

“நீங்கதானே லட்சுமின்னு கேக்காதீங்க, தாமோதரன். பயத்துல இருக்கறவங்க எல்லாத்துக்கும் ஆமாம்பாங்க. உங்க பேர் என்னன்னு கேளுங்க. அவங்க வாயிலேர்ந்து வரணும்.” என்னை அவர் ஒரு நாளும் ‘நீ’ என்று சொன்னதில்லை. அந்த இடத்தில் அப்போது என்னை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரும் அவர் ஒருவர்தான்.

யாராவது ‘அந்தக் கெழவி சாப்பிட மாட்டேங்குது சிஸ்டர்’ என்று வந்து சொன்னால், பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி, “எந்தப் பேருள்ள அம்மா?” என்று கேட்டுவிட்டு அப்படியே இருப்பார். சொன்னவர் திரும்பிப் போய்ப் பெயர் கேட்டுக்கொண்டு வரும்வரை அந்தப் பேனா இறங்காது. “வயசு கேஸ் ஷீட்ல இருக்கு. வாயில வேண்டாம்” என்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். மரியாதை என்று சிஸ்டர் எதையோ ரொம்பப் பெரிதாக்குகிறார் என்று நினைப்போம். நான் ‘கெழவி’ என்று சொல்கிறவன் இல்லை. எல்லோரையும் தாத்தா, ஆயா என்று உறவு முறையோடுதான் கூப்பிட்டேன். அதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும் என்பது என் எண்ணம்.

ஐந்தாவது வருடம் அது நடந்தது.

அன்று வேனில் வழக்கத்தைவிட ஆட்கள் அதிகம். ரெஜினா சிஸ்டர் வேறொரு நோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்று கீழே போயிருந்தார். உள்ளேயிருந்து அடுத்த ஆளைக் கேட்டார்கள். என் கையில் மேலாக இருந்த கேஸ் ஷீட் தனபாக்கியம், வலது கண். பெஞ்சின் கடைசியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் நெற்றியிலும் வலது பக்கம் பிளாஸ்திரி.

“ஆயா, வா. உன் மொறைதான்” என்றேன்.

ஒருவர் எழுந்தார். கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஊசி போட்டார்கள். மேசையில் படுக்க வைத்தார்கள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். அப்போது ரெஜினா சிஸ்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்து, முகத்தில் துணி போடுமுன் வழக்கம்போல மேசை உயரத்துக்குக் குனிந்தார்.

“அம்மா, உங்க பேர் என்ன?”

“முனியம்மா.”

சிஸ்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “டாக்டர், வேண்டாம்” என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு சொல்லில் அறை நின்றுவிட்டது.

முனியம்மாவைத் திரும்ப வெளியே அழைத்து வந்தோம். போட்ட ஊசியால் இமை தொங்கிவிட்டது. ஆபரேஷனே நடக்காத கண்ணுக்குக் கட்டுப் போட வேண்டியதாயிற்று. கால் மணி நேரத்தில் அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை மிக அதிகம். அன்று அவருக்குக் கண்ணைத் திறந்திருந்தால், அதுவும் இன்னொருவருக்கு அளந்த லென்ஸை வைத்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. நான் சுவரோரம் ஒதுங்கி நின்றேன். கையைக் கட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் திட்டவில்லை. “அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க” என்றார். “என்ன நடந்துதோ அதைச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

முனியம்மாவின் கட்டில் முன்னால் முதல்முறையாக நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். உங்களை ஆள் மாற்றி உள்ளே கூட்டிப் போய்விட்டேன், தப்பு என்னுடையது, இன்று உங்களுக்கு ஆபரேஷன் இல்லை, சர்க்கரை குறைந்ததும் வர வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒற்றைக் கண்ணால் என் குரல் வந்த பக்கம் பார்த்தார். அந்தக் கண்ணிலும் பாதிப் புரை.

“நீ தான நைனா கூப்ட்ட? ஆயான்னு. அதான் வந்துகினேன்.”

“ஆமாங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும்.”

“எனக்கு ஏழு பேரப்புள்ளைங்க கீதுங்க. தெருவுல போறது வர்றதெல்லாம் ஆயான்னு தான் கூப்புடுது. ஆயான்னா நான் தான?” கண் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “முனியம்மான்ற பேரு ரேசன் கார்டுல கீது. வேற எங்க கீது?”

அவருக்குக் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தனபாக்கியம் அதே பெஞ்சில், நான் கூப்பிட்டபோது அசையாமல் உட்கார்ந்திருந்தவர். நான் முதலில் அவருக்குக் காது கேட்காதோ என்று நினைத்தேன். காது நன்றாகவே கேட்டது. “அம்மா, நான் கூப்பிட்டப்ப நீங்க ஏன் வரல?” என்று கேட்டேன். குற்றம் சாட்டுகிற மாதிரி கேட்டுவிட்டேனோ என்று இன்றும் தோன்றும்.

“எனக்குக் கொயந்தையே பொறக்கல கண்ணு” என்றார். “ஆயான்னதும் வேற யாரையோ கூப்புடறேன்னு குந்திகினு இருந்தேன்.”

யாரையும் புண்படுத்தாத சொல் என்று நான் நம்பியிருந்த சொல் அது. ஒருவர் அதைக் கேட்டதும் தன் பெயரையே மறந்து எழுந்துவிட்டார். இன்னொருவரை அது தொடவே இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

நடந்ததை என் கையெழுத்தில் எழுதித் தரச் சொன்னார் சிஸ்டர். ‘நோயாளியைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை’ என்று ஆரம்பித்தேன். பிறகு ஒரு மாதம் என்னை ஆபரேஷன் தியேட்டர் பக்கம் விடவில்லை. ஒரு நீள நோட்டைக் கொடுத்து, தினமும் காலையில் கட்டில் கட்டிலாகப் போய் மூன்று விஷயம் எழுதி வரச் சொன்னார். பெயர், ஊர், எப்படிக் கூப்பிட வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு மருத்துவமனையில் எந்தப் படிவத்திலும் இடம் இல்லை. அவரே அடிக்கோல் வைத்துக் கோடு போட்டார்.

தண்டனை என்றுதான் ஆரம்பித்தேன். பத்து நாளில் அதற்காகவே சீக்கிரம் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். ஆவடி தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், “தாத்தா மட்டும் வேணாம்பா. நான் இன்னும் சைக்கிள் மிதிக்கிறேன்” என்றார். அம்பத்தூர் ஸ்டேஷன் வாசலில் நாற்பது வருடம் பூ விற்ற அம்மா, “பூக்காரம்மான்னு கூப்பிடு, அதான் என் காதுல உழும்” என்றார். தாத்தா என்று கூப்பிட்டால்தான் வருவேன் என்று அடம் பிடித்தவரும் உண்டு. அவர் மகன் பேரனோடு வெளிநாட்டில் இருந்தான். ஒருவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல, நாளைக்குச் சொல்றேன்” என்றார்.

அந்த மாதம் ஒரு நாள் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்து படுத்தார். அயனம்பாக்கத்தில் ஏரிக்குக் கீழே நிலம் இருந்த குடும்பம். பெயர் வேணுகோபால். என் அப்பா ஏழுமலை அவர்கள் நிலத்தில் வேலை செய்து முதுகு வளைந்தவர். அப்பாவுக்குத் தலை முழுக்க நரைத்த பிறகும் அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரப்பில் நின்று ‘டேய் ஏழுமலை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் ஒரு அடிதான் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. அவருக்கு என்னைத் தெரியவில்லை. “ஐயா, உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்று கேட்டேன்.

“எங்க ஊர்ல பெரியவர்னுதான் சொல்லுவாங்க.”

எழுத எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. என் அப்பா அவரைவிட இரண்டு வயது மூத்தவர். அப்பாவை அந்தச் சொல்லால் யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும் எழுதினேன். பெரியவர்.

“நீ எந்த ஊரு?”

“அயனம்பாக்கங்க.”

“யார் ஊட்டுப் புள்ள?”

“ஏழுமலை மகன்.”

அவர் தலையணையில் தலையை நகர்த்தினார். “ஏழுமலை இருக்கானா?”

சிஸ்டர் பக்கத்துக் கட்டிலில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுக்காமலே, “பெரியவர், தாமோதரனோட அப்பாவும் உங்க வயசுக்காரர்தான்” என்றார். குரலில் கண்டிப்பு எதுவும் இல்லை. வெளியே மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

மூன்றாம் நாள் கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வேணுகோபால் கதவருகில் நின்றார். என்னை நன்றாகப் பார்த்தார். “உங்க அப்பாரு நல்லா இருக்காரான்னு நான் கேட்டதாச் சொல்லு” என்றார்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னான்னு கேட்டாரு?”

“உங்க அப்பாரு நல்லா இருக்காரான்னு கேட்டாரு.”

அப்பா பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். பிறகு, “இருக்கானான்னு கேட்டாரா, இருக்காரான்னு கேட்டாரா? நல்லா ரோசன பண்ணிச் சொல்லு” என்றார்.

“இருக்காரான்னுதாம்பா.”

“சரி” என்றார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். ஒரு எழுத்துக்கு எழுபது வருடம் காத்திருந்தவர் அவர். கிடைத்தபோது அதைப் பக்கத்தில் இருந்து கேட்கக்கூட அவருக்கு வாய்க்கவில்லை. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முனியம்மா இரண்டு மாதம் கழித்து அதே வேனில் வந்தார். வரமாட்டார் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு முகாம் நாளும் வேன் கதவு திறக்கும்போது வாசலில் போய் நிற்பேன். சர்க்கரை குறைந்திருந்தது. மறுநாள் காலை பெஞ்சின் முன்னால் உட்கார்ந்து, “அம்மா, உங்க பேரு?” என்றேன். அவர் பெயர் சொன்னார், கணவர் பெயர் சொன்னார், ஊர் சொன்னார், நான் கேட்பதற்கு முன்பே வலது கண்ணைத் தொட்டும் காட்டினார். “முனியம்மா அம்மா, வாங்க போலாம்” என்றேன். எழுந்தார்.

அடுத்த நாள் கட்டைப் பிரித்தபோது எதிரில் நான் நின்றிருந்தேன். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

“நீ தானா அது? கொரலக் கேட்டுப் பெரிய ஆளுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன். பொடிப்பையனா கீறியே.”

வார்டே சிரித்தது. ரெஜினா சிஸ்டர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார், தோள் மட்டும் குலுங்கியது.

சிஸ்டர் ஓய்வு பெற்று வள்ளியூருக்கே தம்பி வீட்டுக்குப் போனார். சில வருடம் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை வந்தது. முகவரியில் ‘திரு. தாமோதரன் அவர்கள்’ என்று எழுதியிருப்பார். பிறகு நின்றுவிட்டது. இப்போது இருந்தால் தொண்ணூறை நெருங்கியிருப்பார். எங்கோ ஒரு கட்டிலில், யாரோ ஒரு பெண் ‘பாட்டி, வாயத் திற’ என்று அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கக்கூடும். அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது, அவர் பெயர் ரெஜினா என்று. அந்தக் காலை நேரங்களுக்காக நான் ஏங்காத நாள் இல்லை. ஸ்பிரிட் வாசனை, பெஞ்சில் பச்சைத் தொப்பிகள், ஒவ்வொருவராகத் தன் பெயரைத் தானே சொல்வது. சிலர் அதை எவ்வளவு கூச்சத்தோடு சொல்வார்கள்.

ஷர்மிளாவுக்குப் பதில் எழுதினேன். மூத்த குடிமக்கள் என்பது பலகையில் எழுத நல்ல சொல், ஆனால் அதை வைத்து ஒருவரையும் கூப்பிட முடியாது. ‘மூத்த குடிமகனே, வாங்க’ என்றால் நம் ஊரில் வேறு அர்த்தமாகி அவர் சண்டைக்கு வருவார். பெரியவர் நல்ல சொல், ஆனால் அதை ஒருவருக்குக் கொடுத்து அவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்காமல் விடாதே. பெருசு என்பதும் பெரியது என்பதிலிருந்து வந்ததுதான், ‘பெருசு, ஓரமா போ’ என்று சொல்கிற வாய்தான் அதைச் சிறிதாக்குகிறது. கிழவன் என்ற சொல்லை அகராதியில் பார்த்தேன். பழைய பொருள் உரிமை உடையவன், தலைவன். கிழமை என்றால் உரிமை. நம் வாயில் விழுந்துதான் அது தேய்ந்துபோயிருக்கிறது. ஆனாலும் அந்தச் சொல் உனக்கு வேண்டாம், உன் வார்டில் வேண்டாம். இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு ஒரே வரி போடு: பெயரைக் கேள், எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேள், பதில் வரும்வரை காத்திரு.

“சூப்பர்ணா” என்று பதில் வந்தது. புத்தகத்துக்கு அது போதும். இனி எழுதுவது அந்தப் புத்தகத்துக்கு ஆகாது.

எனக்கு முப்பத்தாறு வயதிலேயே தலை நரைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன்னால் நின்று மை தடவிக்கொண்டிருந்தேன். என் மனைவி வசந்தா பின்னால் வந்து பார்த்துவிட்டு, “யோவ் கெழவா, அத்தத் தடவிகினு யாரைப் பாக்கப் போற?” என்றாள். அன்று ஆரம்பித்தது. கெழவா, சோறு ஆறுது. கெழவா, கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் துணிக் கம்பெனியில் வேலை பார்த்தவள், அவள் குரல் இயந்திரச் சத்தத்தை மீறிக் கேட்டுப் பழகிய குரல். தெரு முழுக்கக் கேட்கும்.

எனக்கு வெட்கமாக இருக்கும். ஒரு தடவை கோபமாகவே சொன்னேன். “வயசு வாயில வேண்டாம்னு எங்க சிஸ்டர் சொல்லுவாங்க. ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் நான் அதைச் சொல்லிக் கொடுக்கறேன். என் ஊட்லயே இப்படி.”

“உங்க சிஸ்டருக்கு நீ ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. எனக்கு நீ கெழவன்” என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டது. வேறொரு மருத்துவமனையில் சேர்த்தோம். வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்வார்கள். அங்கே ஒரு சின்னப் பெண், நல்ல பெண், சிரித்த முகத்தோடு வந்து, “பாட்டி, கையக் குடுங்க” என்றாள். வசந்தாவுக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. உடம்பு வற்றி எண்பது போல இருந்தாள்.

“அவங்க பேரு வசந்தாம்மா” என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். “பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

அந்தப் பெண் முகம் சுருங்காமல், “சாரிங்க. வசந்தாம்மா, கையக் குடுங்க” என்றாள்.

வசந்தா கையை நீட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இங்க வந்தும் பாடம் எடுக்கற பாரு. கம்முனு குந்து கெழவா.”

அதற்குப் பிறகும் இருபது நாள் இருந்தாள். மருந்து மயக்கத்தில் ஏதேதோ சொன்னாள், தண்ணீர் கேட்டாள், மகள் பெயரைச் சொன்னாள். என்னைக் கூப்பிட்டது அதுதான் கடைசி.

இப்போது எல்லோரும் என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். பஸ்ஸில் ‘பெரியவரே, உக்காருங்க’ என்று இடம் தருகிறார்கள். மருந்துக் கடையில் சார். மாப்பிள்ளைக்கு மாமா, பேத்திக்குத் தாத்தா. வங்கியில் மூத்த குடிமக்களுக்கான வரிசை. ஒரு சொல்லிலும் குறை இல்லை. என் முப்பத்தோரு வருட வேலைக்கு ஊரே நல்ல பதில் சொல்கிற மாதிரி இருக்கிறது.

போன வாரம் சாயங்காலம் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் மழையில் கரை சேறாகக் கிடந்தது. பின்னால் ஒரு பெண் குரல், உரக்க, “யோவ் கெழவா, வழுக்கும், பாத்து நட” என்றது.

நின்று திரும்பிவிட்டேன்.

கையில் குடையோடு ஒரு அம்மா. அவருக்கு இரண்டடி முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர். என்னைப் பார்த்ததும் அந்த அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு, “ஐயோ, உங்கள இல்லீங்க ஐயா. எங்க ஊட்டுக்காரரச் சொன்னேன். தப்பா நெனச்சிக்காதீங்க” என்றார்.

“இல்லம்மா, ஒண்ணுமில்ல” என்றேன்.

அவர்கள் கடந்து போக ஒதுங்கி வழி விட்டேன். பிறகு, அந்தக் குரல் எட்டுகிற தூரத்திலேயே இருக்கும்படி, அவர்கள் பின்னால் மெதுவாக நடந்தேன்.